ஆளா, ஆடா?

அத்தியாயம் 6

தாபத் அழவில்லை. ரிமுத்துக்கு அதுதான் உறுத்தியது. புசாசாவின் பீர்க்கடைக்குப் புருஷனைத் தேடி வரும் பெண்கள் வாசலில் அழுவார்கள், உள்ளே வந்து அவனைத் திட்டுவார்கள், ஒரு மிடறு குடித்தபின் அவனுடைய தாயாரைத் திட்டுவார்கள். எல்லாம் ஓர் ஒழுங்கில் நடக்கும். இவளோ ஒரு ஜோடிப் பழைய செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தொலைஞ்சது ஆளா, சாமானா?" என்று ரிமுத் கேட்டான். புசாசாவின் கையாள் என்ற முறையில், வருகிறவர்கள் எல்லோரிடமும் அவன் கேட்கும் முதல் கேள்வி அது. பாபிலோனில் எது காணாமல் போனாலும், கோயில் சபைக்காரர்கள் உட்பட எல்லோரும் புசாசாவிடம்தான் வந்து நிற்பார்கள்.

"தொலையல. எங்க இருக்காருன்னு தெரியும். ரொம்ப நல்லா இருக்காரு," என்றாள் தாபத். "அதான் பயமா இருக்கு."

புசாசா பீர்ச்சாடியில் போட்டிருந்த நாணல் குழலை வாயிலிருந்து எடுத்தாள். ஐம்பதைத் தாண்டிய, எதற்கும் அவசரப்படாத பெண்பிள்ளை. குழலை எடுத்தாள் என்றால் விஷயம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று பொருள்.

"சொல்லு."

"எங்க வீட்டுக்காரரு பேரு ஷூலா. நாதின் ஐயா தோப்புல பேரீச்சை இறக்கக் கூலிக்குப் போறாரு. நேத்து சாயங்காலம் அவர மட்டும் ஐயா வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. குளிப்பாட்டி, எள்ளெண்ண தடவி, ஐயாவோட அங்கியையே மாட்டி, ஐயா கட்டில்லயே படுக்க வெச்சிருக்காங்க. வாத்துக்கறி வேற. நான் வாசல்ல நின்னு பாத்தேன். என்னப் பாத்துக் கையாட்டுனாரு, ஏதோ ராஜா மாதிரி."

"எந்த நாதின்?" என்று ரிமுத் இடைமறித்தான். "வேலைக்காரன் வெளிய போறப்ப வாயத் திறக்கச் சொல்லி, பேரீச்சங்கொட்ட இருக்கான்னு பாக்கறவரா?"

"அவருதான்."

"அவரு வாத்துக்கறி போடறாரா? அக்கா, இது நிச்சயமா குத்தம்தான். என்ன குத்தம்னுதான் தெரியல."

"பின்கட்டுல குழி தோண்டறாங்க," என்றாள் தாபத்.

"எவ்ளோ பெருசு?"

"அவரு நீளத்துக்கு."

ரிமுத் அடுத்த கிண்டலை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டான். புசாசா எழுந்து சால்வையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"இன்னிக்கு நிலா கிளம்பறப்பவே கிரகணம் பிடிச்சுக்கிட்டுதான் கிளம்பும்னு ஊரெல்லாம் பேச்சு," என்றாள். "நாதின் யாருக்கோ பயந்து பரிகாரம் பண்றாரு. பொழுது சாய இன்னும் நேரமிருக்கு. ரிமுத்து, ஒரு சாடியத் தூக்கு."

சாடியைத் தூக்கிய ரிமுத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆட்டு ஈரலைப் பார்த்துக் குறி சொல்லும் பண்டிதர் வீட்டில் பல வருஷம் ஈரல் கழுவியவன் அவன். ராஜ காரியத்துக்கென்று எடுத்துவைத்த ஈரலை ஒரு நாள் பசி தாங்காமல் வெங்காயம் போட்டு வதக்கித் தின்றுவிட்டான். வேலை போயிற்று. தேசத்துக்கே வரவிருந்த பெரிய ஆபத்து அந்த ஈரலில் எழுதியிருந்ததாகப் பண்டிதர் தலையில் அடித்துக்கொண்டார். தேசத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, ரிமுத்தின் வயிற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு சகுனங்களின் மேல் அவனுக்கு இருந்த மரியாதை செரித்துப்போனது.

*

விருந்து வீட்டுக்கு பீர்ச்சாடியோடு வருபவனை எந்தக் காவல்காரனும் நிறுத்துவதில்லை. தாபத்தை வாசலில் நிறுத்திவிட்டு, இருவரும் நாதினின் முற்றத்துக்குள் நேராக நுழைந்தார்கள். அங்கே ஒரு வேலைக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, விருந்து வீட்டுல இப்படி மூஞ்சிய வெச்சிருக்க?" என்றான் ரிமுத்.

"சின்னய்யா இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கு. விடியறதுக்கு முன்னாடியே அத்த வீட்டுக்கு அனுப்பிட்டாரு ஐயா."

"நல்லதுதான். இந்தக் கண்றாவியெல்லாம் சின்னப்புள்ள பாக்க வேணாம்."

வேலைக்காரி அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பெருக்கப் போனாள். ரிமுத்தின் மூக்கு அந்த முற்றத்தில் ரொம்பப் பழக்கமான எதையோ பிடித்து ஒரு கணம் நின்றது. அதற்குள் வாத்துக்கறி வாசனை வந்து அதைக் கலைத்துவிட்டது.

உள்ளறையில் ஷூலா கட்டிலில் சாய்ந்திருந்தான். மரம் ஏறி ஏறிக் காய்த்துப்போன கால்கள் சரிகைக் கரை போட்ட அங்கிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கையில் ஒரு வாத்துத் தொடை. அறை வாசலில் ஒரு தடியன் நின்றான். அவன் இடுப்பில் இரண்டு கத்திகள், ஒன்று மரம், ஒன்று செம்பு.

"வாங்க, வாங்க," என்று ஷூலா வரவேற்றான். "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க."

"எதுக்கு இந்த உபசாரம்னு கேட்டியாப்பா?" என்றாள் புசாசா.

"கேக்காம இருப்பேனா? ஒண்ணுமில்லக்கா. சாயங்காலம் யாரோ வந்து 'நாதின் யாரு'ன்னு கேப்பாங்களாம். நான் 'நான்தான்'னு சொல்லணும். அவ்வளவுதான் வேல. மரம் ஏறறதுக்கு இது தேவல."

"வந்து கேக்கப்போறது யாருன்னு சொன்னாங்களா?"

"அதச் சொல்லல."

"சாவு," என்றாள் புசாசா. "நாதினத் தேடி வரும். நீ நான்தான்னு சொல்லுவ. அது ஒன்னக் கூட்டிட்டுப் போயிடும். நாதின் நிம்மதியாத் தூங்குவாரு."

வாத்துத் தொடை பாதி வழியில் நின்றது. ஷூலா வாசலில் நின்ற தடியனைப் பார்த்தான். பிறகு அவன் இடுப்பில் இருந்த செம்புக் கத்தியைப் பார்த்தான். கட்டிலைவிட்டு எழப் பார்த்தவனைத் தடியன் ஒரே கையால் தலையணையில் அமுக்கினான்.

"பின்கட்டுல மரம் நடறதுக்குன்னு சொன்னாங்க," என்றான் ஷூலா. "குழி தோண்டக் கடப்பாரை எடுத்துக் கொடுத்ததே நான்தான்."

அப்போது நாதின் வந்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது. வரவழைக்கக் கொஞ்சம் சிரமப்பட்டிருப்பார் என்று ரிமுத்துக்குத் தோன்றியது.

"நான் பாவி, புசாசா," என்றார். "இதுக்கு நானா காரணம்? ஜோசியர் குதுர்ரு சொன்னது. நிலா இன்னிக்கு லுவுல கறுக்குதாம். அது என் தலைக்கு ஆபத்தாம். எனக்குப் பதிலா ஒரு லுவ என் கட்டில்ல படுக்க வெச்சு, என் துணியப் போட்டு, பாதாளத்து ராணிக்குக் கொடுத்துடணும்னாரு. லுன்னா ஆளு. வானத்துலயும் அது கூலியாள் நட்சத்திரம். அதான் கூலியாள். நான் என்ன பண்ணட்டும்? தோப்பயே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்."

"சபையில போய்ச் சொன்னா?" என்றாள் புசாசா.

"சபை நீதிபதிங்க ரெண்டு பேரும் விருந்துக்கு வராங்க," என்றார் நாதின் அடக்கமாக.

இந்த லு விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். சுமேரிய மொழி செத்துப் பல தலைமுறை ஆகிவிட்டது. அதில் யாரும் வெங்காய விலைகூடக் கேட்பதில்லை. ஆனால் கோயிலிலும் ஜோசியர் வீட்டிலும் அது மட்டும்தான் ஓடும். சொல்கிறவருக்குப் பாதி, கேட்கிறவருக்கு முக்கால்வாசி புரியாது என்பதால் மரியாதை அதிகம். அந்த மொழியில் லு என்றால் ஆள். ஆட்டுக்கும் லு என்றுதான் பெயர். எழுதினால் இரண்டுக்கும் குறி வேறு. வாயால் சொன்னால் சத்தம் ஒன்றுதான். வானத்துக் கூலியாளுக்கு நீளமான ஒரு முழுப்பெயர் உண்டு. அவசரக்கார ஜோசியர்கள் அதைச் சுருக்கி வெறும் லு ஆக்கிவிட்டார்கள்.

"ஜோசியரப் பாத்துட்டு வரோம்," என்றாள் புசாசா. கட்டிலில் கிடந்த ஷூலாவின் கண்கள் கதவு வரைக்கும் அவர்களோடு வந்தன.

*

குதுர்ருவின் வீட்டு மாடி முழுக்க வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. கால் வைக்க இடமில்லை.

"வானத்த எங்கேர்ந்து பாப்பீங்க சாமி?" என்று ரிமுத் பணிவாகக் கேட்டான்.

"வானத்தப் பாக்கறதெல்லாம் எங்க தாத்தா காலம். கழுத்துவலிதான் மிச்சம். இப்ப எல்லாம் கணக்கு."

குதுர்ரு நீலச் சாயமேற்றிய புத்தம்புது அங்கியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில் ஒரு பெரிய வட்டம், அப்பம் அறுத்தமாதிரி பன்னிரண்டு துண்டாக.

"நிலா போற பாதையில முன்னெல்லாம் பதினெட்டு உருவம் இருந்துச்சு," என்று விளக்கினார். "மாசம் பன்னெண்டுதானே? கணக்கு இடிச்சுது. அதனால நாங்க ஆறு பேர எடுத்துட்டோம்."

"யார் யாரையெல்லாம்?"

"கிழவன், மேய்ப்பன், இந்த மாதிரி."

"அவங்கல்லாம் எங்க போனாங்க?"

"எங்கயும் போகல. வானத்துலதான் இருக்காங்க. கணக்குல இல்ல."

"எங்கப்பா கிழவன் நட்சத்திரத்துல பொறந்தவரு, சாமி. இப்ப அவரு பொறக்கவே இல்லையா?"

"அவரக் காளையில சேத்துடலாம்."

"இந்த வயசுல கேட்டா ரொம்பச் சந்தோஷப்படுவாரு."

புசாசா இதில் கலந்துகொள்ளவில்லை. ஜோசியரின் அங்கி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்ல துணி. நாதின் கொடுத்ததா?"

"இன்னிக்குக் காலையில அனுப்பினாரு. சும்மா ஒண்ணும் கொடுக்கல. உழச்சதுக்குக் கொடுத்தாரு."

"அவர்கிட்ட நீங்க சொன்ன லு, ஆளா ஆடா?"

"லு," என்றார் குதுர்ரு.

"அதான், எந்த லு?"

"வானம் ஒரு வார்த்ததான் சொல்லும்மா. அர்த்தம் கேக்கறவங்க பாக்கியம்."

"சொல்றப்ப ஒங்க மனசுல எது இருந்துச்சு? கட்டில்ல ஒருத்தன் படுத்திருக்கான். இருட்டறதுக்குள்ள அவன் கழுத்த அறுத்துடுவாங்க."

குதுர்ரு அங்கியின் மடிப்பைச் சரிசெய்தார்.

"வழக்கமா இதுக்கு ஆடுதான்," என்றார் மெதுவாக. "ஆனா இப்ப நான் போய் ஆடுன்னு சொன்னா என்ன ஆகும்? குதுர்ரு வாய் தடுமாறிட்டான்னு ஊரு சிரிக்கும். நாளைக்கு எவன் ஜாதகம் எழுத வருவான்? அந்தக் கூலிக்காரன் போனா தோப்புல ஒரு ஏணி காலியாகும். என் வார்த்த போனா வானமே காலி."

"அப்ப ஆடுதான்."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல," என்றார் குதுர்ரு, கதவைக் காட்டி.

தெருவில் இறங்கியதும் ரிமுத் பொருமித் தீர்த்தான். "ஈரல் பாக்கறவங்களாவது பரவால்லக்கா. அவங்க ஆட்ட அறுத்துட்டுதான் பொய் சொல்லுவாங்க. இந்தாளு பொய் சொல்லிட்டு ஆள அறுக்கறான். அத்தன பேருக்கு முன்னாடி நாம எப்படி இவன் வாயத் திறக்க வைக்கறது?"

புசாசா நடந்துகொண்டே இருந்தாள். சுவர்களின் நிழல் எதிர்ச்சுவரில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

"ரிமுத்து, நாதினுக்கு எத்தன புள்ளைங்க?"

"புள்ளையா? ஒண்ணும் கிடையாது. அந்தம்மா கோயில் கோயிலா நேர்ந்துக்கிட்டே செத்துப்போச்சு."

"அப்ப அத்த வீட்டுக்குப் போன சின்னய்யா யாரு?"

ரிமுத் நடுத்தெருவில் நின்றான். முற்றத்தில் தன் மூக்கு பிடித்த வாசனை எதுவென்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பல வருஷம் அதனோடே வாழ்ந்தவன், ஒரு வாத்துக்காக அதைக் கோட்டைவிட்டிருந்தான்.

*

நாதினின் தங்கை ஆற்றோரத் தெருவில் இருந்தாள். கதவைத் திறந்தபோதே களைத்திருந்தாள்.

"சின்னய்யாவப் பாக்க வந்தோம்," என்றாள் புசாசா.

"தாராளமாக் கூட்டிட்டே போங்க. புண்ணியமாப் போவும். காலையிலேர்ந்து ரெண்டு பாய், ஒரு முறம். இப்ப என் தலையணையப் பாத்துட்டு இருக்காரு."

சின்னய்யா அறை நடுவில் நின்றார். வெள்ளை வெளேரென்று சீவிவிட்ட ரோமம். முறுக்கிய கொம்புகளில் எண்ணெய் மினுமினுத்தது. கழுத்தில் நீலமணி மாலை. அந்தக் கிடா ரிமுத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேசத் தகுதியில்லாதவன் என்று முடிவு செய்து திரும்பிக்கொண்டது.

"எங்கண்ணன் இத மடியில வெச்சு வளத்தான்," என்றாள் தங்கை. "வேலைக்காரங்கல்லாம் சின்னய்யான்னுதான் கூப்பிடணும். என் புள்ளைங்க கல்யாணத்துக்கு வராதவன், இதுக்குச் சளி பிடிச்சப்ப வைத்தியர வீட்டுலயே தங்க வெச்சான். நேத்து ஜோசியர் வந்துட்டுப் போனதும் ஓடி வந்து, ஒரு நாளைக்கு ஒளிச்சு வெச்சுக்கோன்னு கெஞ்சினான். எதுக்குன்னு சொல்லல."

புசாசா சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரிமுத்துக்குத் தெரியும். யாருக்கோ இன்றைக்குப் பொழுது நல்லபடியாகப் போகாது.

"நான் முன்னால போறேன். நீ இவரக் கூட்டிட்டு வந்து முத்தத்துக் கதவுக்குப் பின்னால நில்லு. நான் கூப்பிடறவரைக்கும் சத்தம் வரக் கூடாது."

"ஆட்டுக்கு அத எப்படிக்கா புரியவைக்கறது?"

"நாதின் எப்படிப் புரியவெச்சாரோ அப்படித்தான். வாய்க்குத் தீனி போடு."

*

கிடா நடக்க மறுத்தது. பிறர் தூக்கிப் பழகிய கிடா அது. ஆகவே ரிமுத் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பாபிலோன் தெருக்களில் ஓடினான். நாதினின் முற்றத்துக் கதவுக்குப் பின்னால் வந்து இறக்கியபோது சூரியன் மேற்குச் சுவரைத் தொட்டிருந்தது. மடியிலிருந்த பேரீச்சம்பழத்தை ஒவ்வொன்றாக அதன் வாயில் திணித்தபடி, கதவிடுக்கில் கண்ணை வைத்தான்.

முற்றம் நிறைய ஆட்கள். நீதிபதிகள் இருவரும் குழல் போட்டு பீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கட்டிலை வெளியே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதில் ஷூலா கைகால் கட்டுண்டு கிடந்தான். தாபத் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளை இழுத்து அலுத்துப்போய் விட்டிருந்தார்கள். செருப்பு இன்னும் அவள் மடியில் இருந்தது. குதுர்ரு கிழக்கே பார்த்துச் சுமேரியத்தில் எதையோ முழங்கினார். தடியன் மரக்கத்தியை உருவினான். முதலில் மரக்கத்தி கழுத்தைச் சும்மா தொடும், பிறகு செம்புக் கத்தி. அதுதான் முறை.

"ஒரு சந்தேகம்," என்றாள் புசாசா. "நாதின் ஐயா நல்லதுக்குத்தான் கேக்கறேன். லுன்னா கூலியாள், சரி. கூலியாள்னா யாரு?"

"கூலிக்கு வேல செய்யறவன்," என்றார் பெரிய நீதிபதி, குழலை எடுக்காமல்.

"கூலி வாங்கறவன். இந்த ஷூலாவுக்குக் கூலி கொடுத்தாச்சா ஐயா?"

நாதின் கிழக்குப் பக்கமும் இவள் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "அறுப்பு முடியட்டும், மொத்தமாக் கொடுப்பேன்."

"ஒரு படி பேரீச்சையாவது?"

"ஒரு கொட்ட கொடுக்கல," என்றாள் தாபத் தரையிலிருந்து.

"அப்ப இவன் இன்னும் கூலியாளே ஆகலியே," என்றாள் புசாசா, ரொம்பக் கவலையாக. "பாதாளத்து ராணி வந்து பாத்து, இது நான் கேட்ட சரக்கில்லன்னு சொல்லிட்டா? அவ திரும்பி யார்கிட்ட வருவா?"

பெரிய நீதிபதி இப்போது குழலை எடுத்துவிட்டார். நாதினின் நெற்றி ஈரமாவது கதவிடுக்கிலிருந்தே ரிமுத்துக்குத் தெரிந்தது.

"அப்ப யாரத்தான் படுக்க வைக்கறது?" என்றார் நாதின்.

"இந்த வீட்டு வேலைக்கு இன்னிக்குக் கூலி வாங்குனது யாரு?"

எல்லாக் கண்களும் குதுர்ருவின் புதிய நீல அங்கிக்குப் போயின. நாதினின் கண்தான் முதலில் போனது. தடியனின் கண் கடைசியில் போனது. ஆனால் அவன் கையில் கத்தி இருந்தது.

"இது கூலி இல்ல," என்றார் குதுர்ரு. "காணிக்க."

"காணிக்க சாமிக்குக் கொடுக்கறது. நீங்க சாமியா? உழச்சதுக்குக் கொடுத்தாருன்னு மத்தியானம் என்கிட்டயே சொன்னீங்க."

தடியன் ஓர் அடி எடுத்துவைத்தான். நாதின் அவனைத் தடுக்கவில்லை. அதைக் குதுர்ருவும் கவனித்தார்.

"ஆடு," என்றார் குதுர்ரு. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் தெளிவான வார்த்தை அதுதான். "நான் சொன்ன லு ஆடு. ஆரம்பத்துலேர்ந்தே ஆடு."

"வானத்துல அது கூலியாளாச்சே சாமி," என்றார் சின்ன நீதிபதி.

"இல்ல. அங்கயும் ஆடுதான். நல்லா உத்துப் பாத்தாக் கொம்பு தெரியும். எங்க கணக்குல ரொம்ப நாளாவே ஆடு. இனிமே எல்லாரும் அப்படியே எழுதலாம்."

"இந்த வீட்டுல ஆடே கிடையாது," என்றார் நாதின் அவசரமாக.

"ரிமுத்து," என்று கூப்பிட்டாள் புசாசா.

ரிமுத் கதவைக் காலால் தள்ளினான். பேரீச்சம்பழம் தீர்ந்துபோயிருந்தது. முற்றத்து மண்ணை மிதித்ததும் கிடா நாதினைப் பார்த்து ஆசையாக ஒரு குரல் கொடுத்தது.

"சின்னய்யா வந்துட்டாரு," என்று பெருக்குகிற வேலைக்காரி உருகினாள்.

"பெரியவங்க இதக் கொஞ்சம் யோசிக்கணும்," என்றாள் புசாசா நீதிபதிகளிடம். "ஜோசியர் லுன்னாரு. அது ஆளுன்னுதான் தன் காதுல விழுந்துச்சுன்னு இவரு அழறாரு. ஆளுன்னு விழுந்திருந்தா, விடியறதுக்குள்ள ஆட்ட எதுக்கு ஒளிச்சாரு? ரெண்டு அர்த்தமும் இவருக்குத் தெரியும். ரெண்டையும் எதிர்ல நிறுத்திப் பாத்திருக்காரு. ஒண்ணு மடியில வளந்தது. இன்னொண்ணு மரம் ஏறுது. மரம் ஏறறவன் போகட்டும்னு முடிவு பண்ணிட்டாரு."

தாபத் எழுந்து நின்றாள். புருஷனின் கட்டுகளைப் பல்லால் அவிழ்க்க ஆரம்பித்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

நேரம் இல்லை. நாதினுக்குத் தன் தலையா சின்னய்யாவா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நாம் பழித்தது போதும், அவர் உண்மையாகவே தயங்கினார். சரிகை அங்கியைக் கிடாவுக்கு மாட்டிக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஷூலாவைவிட அதற்கு அது பொருத்தமாக இருந்தது. தடியன் மரக்கத்தியால் அதன் கழுத்தைத் தொட்டான். பிறகு செம்புக் கத்தியை உருவினான்.

அப்போது கீழ்ச் சுவருக்கு மேலே நிலா வந்தது. முழுசாக, வெளுப்பாக, ஒரு கீறல் இல்லாமல் வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அது பாட்டுக்கு மேலே ஏறியது. எந்த மூலையும் கறுக்கவில்லை.

"கிரகணம் நம்மள விட்டுத் தாண்டிப் போயிடுச்சு," என்றார் குதுர்ரு, துளியும் தயங்காமல். "மரக்கத்திக்கே போயிடுச்சு. என் பரிகாரம் அப்படி."

நாதின் ஓடிப்போய்க் கிடாவைக் கட்டிக்கொண்டு அழுதார். இந்தக் கண்ணீருக்கு அவர் சிரமப்படவில்லை.

ஷூலா கட்டுத் தடம் பதிந்த மணிக்கட்டைத் தேய்த்தபடி அவர் முன்னால் வந்து நின்றான். "ஐயா, நான் நாளைக்கு வரல. என் கூலியக் கொடுத்துடுங்க. போயிடறேன்."

நாதின் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் பழைய நாதின் திரும்பிவிட்டார்.

"எந்தக் கூலி? கூலி வாங்காதவன் கூலியாளே இல்லன்னு, நீதிபதிங்க முன்னாடி இவங்கதானே சொன்னாங்க? கூலியாள் இல்லாதவனுக்கு நான் எதுக்குக் கூலி கொடுக்கணும்?"

சின்ன நீதிபதி சிரித்துவிட்டார். பெரிய நீதிபதி தலையை ஆட்டினார். சட்டம் அப்படித்தான் இருந்தது. ரிமுத் புசாசாவைப் பார்த்தான். அவள் முகம் ஒரு கணம் சுண்டியது. அவள் தன் சொந்த வாயாலேயே மாட்டிக்கொண்டு அவன் பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சொன்ன கிண்டலையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது அவனுக்கு.

அவள் கிடாவின் கழுத்தைப் பார்த்தாள்.

"நியாயம்தான் ஐயா," என்றாள். "கூலி வேணாம். ஜோசியர் சாமி, ஒரே ஒரு சந்தேகம். மரக்கத்தி பட்டாச்சு. இப்ப இது நேர்ந்துவிட்ட ஆடுதானே? கொடுத்தத வீட்டுலயே வெச்சுக்கிட்டா, பாதாளத்து ராணி தேடி வரமாட்டாளா? அவ வரப்ப இத மடியில வெச்சிருக்கறவரு கதி என்ன?"

குதுர்ரு நாதினைப் பார்த்தார். தடியன் அடி எடுத்துவைத்தபோது நாதின் பேசாமல் நின்றது அவருக்கு மறக்கவில்லை. அங்கியின் மடிப்பை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார்.

"வீட்டுல வெச்சுக்கவே கூடாது," என்றார். "இருட்டறதுக்குள்ள வெளிய போயாகணும். போட்ட துணியோட. யாரு இதோட இடத்துல படுத்திருந்தானோ, அவனே ஓட்டிட்டுப் போறது உத்தமம்."

"வானம் அப்படிச் சொல்லுதா?" என்று நாதின் ஈனசுரத்தில் கேட்டார்.

"ரொம்பத் தெளிவாச் சொல்லுது," என்றார் குதுர்ரு.

தெருமுனை வரைக்கும் நால்வரும் நடந்தார்கள். ஐந்தாவதாக, சரிகை அங்கியை மண்ணில் இழுத்துக்கொண்டு சின்னய்யா வந்தார். ஷூலா அடிக்கடி நின்று வானத்தைப் பார்த்தான்.

"என்னய்யா?" என்றான் ரிமுத்.

"நான் கூலியாள் நட்சத்திரத்துல பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். மேல நம்மாளு ஒருத்தன் இருக்கான்னு ஒரு நெனப்பு. இப்ப அங்கயும் ஆடாம்ல."

தாபத் கையிலிருந்த செருப்பைத் தரையில் போட்டு, அவன் காலருகே தள்ளினாள்.

"மேல இத்தன காலமா நின்னியே, எவனாவது கூலி கொடுத்தானா?" என்றாள். "செருப்பப் போட்டுக்கிட்டு ஆட்ட ஓட்டு."